ஆதித்த கரிகாலன் கொலை வழக்கு: உடையார்குடி கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

பழிவாங்கும் கதைகளுக்குத் தமிழ் சினிமாவில் ஒரு நிரந்தர ஃபார்முலா உண்டு. ஒரு கொலை, அதற்குப் பதில் கொலை, நடுவில் ஒரு கூலிப்படை. கடைசி ரீலில் "ஏவி விட்டது யார்" என்ற முடிச்சு அவிழும். பெரிய நட்சத்திரங்கள் இல்லாமல் நாலைந்து பாத்திரங்களை வைத்து எடுக்கப்படும் சின்ன பட்ஜெட் க்ரைம் படங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகும்.

இதே மாதிரியான ஒரு கதை சுமார் 1050 ஆண்டுகளுக்கு முன்பு சோழ நாட்டில் நிஜமாகவே நடந்தது. ஒரே வித்தியாசம், அதன் கடைசி ரீல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை!

ஜெயங்கொண்டத்திலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் முதலில் கங்கைகொண்ட சோழபுரம் வரும். அதே பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் போனால் காட்டுமன்னார்கோயில். அந்த ஊரை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துப் பெயரில் இந்த ஊர் வீரநாராயண சதுர்வேதி மங்கலம். பக்கத்தில் இருக்கும் வீராணம் ஏரியும் அதே பராந்தகனின் விருதுப் பெயரால் வந்ததுதான். இந்தக் கோயில் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டுதான் ஆதித்த கரிகாலன் கொலை வழக்கின் முக்கியமான ஆவணம்.

தலைக்குத் தலை

கொலையைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய பகையைப் பார்க்க வேண்டும்.

949-ல் தக்கோலப் போரில் ராஷ்டிரகூடர்களிடம் சோழர்கள் தோற்றார்கள். பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் அந்தப் போரில் இறந்தான். சோழர் பலவீனப்பட்ட அந்த வேளையில் தெற்கே பாண்டியர் தலையெடுத்தனர். வீரபாண்டியன் தன் கல்வெட்டுகளில் "சோழன் தலைகொண்ட" என்று போட்டுக்கொண்டான். அது எந்தச் சோழனின் தலை என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. ஆனால் அந்த விருதுப்பெயர் சோழர்களை எப்படிச் சுட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து சுந்தர சோழன் காலம். அவன் மூத்த மகன் ஆதித்தன், ராஜராஜனின் அண்ணன். மிக இளம் வயதிலேயே சேவூர்ப் போரில் வீரபாண்டியனை எதிர்த்து நின்றான். அதன் பிறகு இவனுடைய விருதுப்பெயர் "வீரபாண்டியன் தலைகொண்ட" என்று ஆனது. பாண்டியன் எந்தச் சொல்லால் பெருமை பேசினானோ, அதே சொல் திரும்பி வந்தது! "தலைகொண்ட" என்றால் உண்மையிலேயே வெட்டுவதா, அடிபணியச் செய்வதா என்று ஒரு விவாதம் உண்டு. திருவாலங்காட்டுச் செப்பேடு மட்டும், பாண்டியன் தலையை ஆதித்தன் தன் நகரில் வெற்றித் தூணாக நிறுத்தினான் என்கிறது.

அதே செப்பேடு அடுத்த மூச்சிலேயே, சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையால் ஆதித்தன் மறைந்தான் என்று முடித்துவிடுகிறது. கொலை என்ற பேச்சே இல்லை. அது ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தில் எழுதப்பட்டது. குடும்பத்துக்குள் நடந்த துயரத்தை அரசவைக் கவிஞர் மெல்ல மூடிவைத்திருக்கிறார்.

கல்லில் உள்ள நான்கு பெயர்கள்

செப்பேடு மூடிய விஷயத்தை உடையார்குடி கல்வெட்டு போட்டு உடைக்கிறது. இது ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் பட்டமேறியது 985. கொலை நடந்தது ஏறத்தாழ 970. அதாவது சுமார் 16 வருடங்களுக்குப் பிறகு வெட்டப்பட்ட கல்வெட்டு. 1920-ல் தொல்லியல் துறையினர் இதைப் படியெடுத்தார்கள். பின்னர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இதை ஆராய்ந்து பதிப்பித்தார்.

பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று கல்வெட்டு கூறுபவர்கள் இவர்கள்: சோமன், ரவிதாசன் என்ற பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரன் என்ற இருமுடிச்சோழ பிரமாதிராசன், மலையனூர் ரேவதாச கிரமவித்தன். இவர்கள் உடன்பிறந்தவர்கள்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். "பிரமாதிராசன்" என்பது உயர் பதவியில் இருந்த பிராமண அதிகாரிகளுக்கு அரசன் கொடுக்கும் பட்டம். "பஞ்சவன்" என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயர். ஆகவே ரவிதாசன் பாண்டியனிடம் பதவி வகித்தவன், தன் அரசனுக்காகப் பழி வாங்கினான் என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள். நல்லது. ஆனால் அவன் தம்பியின் பட்டமோ "இருமுடிச்சோழ" என்று தொடங்குகிறது! அது சோழப் பட்டம். ஒரே வீட்டில் ஒருவனுக்குப் பாண்டியப் பட்டம், இன்னொருவனுக்குச் சோழப் பட்டம். இவர்கள் காசுக்குக் கொலை செய்யும் தெருப் பொறுக்கிகள் இல்லை. அரசு எந்திரத்துக்கு உள்ளேயே இருந்தவர்கள். பழிவாங்கல் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல இந்தப் பெயர்கள் இடம் கொடுப்பதில்லை.

ஏவியவர் யார்?

ஆதித்தன் இறந்ததால் அரியணை கிடைத்தது உத்தம சோழனுக்கு. அவன் சுந்தர சோழனின் பெரியப்பா கண்டராதித்தரின் மகன், செம்பியன் மாதேவியின் பிள்ளை. அவன் ஆட்சியில் கொலையாளிகள் தண்டிக்கப்பட்டதாக எந்தக் கல்வெட்டும் இல்லை. நீலகண்ட சாஸ்திரி இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து உத்தமன் மீது சந்தேகப்பட்டார்.

தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. உத்தமனுக்குப் பங்கு இல்லை என்பது அவர் கருத்து. அதற்கு வலு சேர்க்கும் செய்திகளும் இருக்கின்றன. அண்ணனைக் கொன்றவன் என்று ராஜராஜன் நம்பியிருந்தால், உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி அவன் ஆட்சியிலும் அத்தனை மரியாதையோடு கோயில் திருப்பணி செய்திருக்க முடியுமா? உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜனிடம் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பெரிய அதிகாரியாக இருந்திருக்க முடியுமா? லாபம் அடைந்தவன் என்பது சந்தேகத்துக்குக் காரணம் ஆகலாம். அதுவே சாட்சி ஆகிவிடாது.

அசலில் இது ஒரு நிலப் பத்திரம்

பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இதுதான். உடையார்குடி கல்வெட்டு கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. துரோகிகளிடமிருந்து பறித்த நிலத்தையும் வீட்டு மனைகளையும் ஊர்ச்சபை விற்றதையும், வாங்கியவர் அதைத் தர்மத்துக்குக் கொடுத்ததையும் பதிவு செய்யும் ஆவணம். வாங்கியவர் வியாழகஜமல்லப் பல்லவரையன் என்ற அதிகாரி. தர்மம், பிராமணர்களுக்கு உணவளிப்பது. கொலை, சொத்து எப்படி வந்தது என்பதை விளக்கும் முன்கதையாக மட்டுமே வருகிறது. அதனால்தான் கொலை நடந்த இடமும் இல்லை, முறையும் இல்லை, ஏவியவர் பெயரும் இல்லை. பத்திரத்துக்கு அவை தேவைப்படவில்லை. நிலம் முதன்முதலில் எப்போது பறிக்கப்பட்டது என்பதும் அதில் தெளிவாக இல்லை. ஆகவே "உத்தமன் 15 வருடம் சும்மா இருந்தான்" என்ற வாதமும் ஆட்டம் காண்கிறது.

ஒன்றை மட்டும் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது: யார் யார் சொத்தை இழந்தார்கள் என்பதை. கொன்றவர்கள் மட்டுமல்ல. அவர்களுடைய பிள்ளைகள், மனைவியர், தாய், பெரியப்பன்மார், தாய்மாமன்மார், சகோதரிகளை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் வரை பட்டியல் நீளுகிறது. பிராமணருக்கு மரண தண்டனை கூடாது என்பது அக்காலச் சாஸ்திர மரபு. அதனால் தண்டனை நிலத்தின் வழியாக வந்தது. கொலையாளி வீட்டில் பெண் எடுத்தது தவிர வேறு எதுவும் செய்யாத ஒரு மருமகனும் வீட்டை இழந்தான்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில் ரவிதாசனையும் சோமனையும் பாண்டிய ஆபத்துதவிகளாக ஆக்கினார். மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் அதைப் பிரம்மாண்டமாக இரண்டு படங்களாக எடுத்தார். படம் பார்த்த பலருக்கு ரவிதாசன் என்றால் பழிவெறி பிடித்த முகம்தான் நினைவுக்கு வரும். கதைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கல்லில் அவன் முகம் இல்லை, ஒரு பட்டப்பெயர்தான் இருக்கிறது.

ஆதித்தன் இறக்காமல் இருந்திருந்தால் ராஜராஜனுக்குப் பட்டம் வந்திருக்குமா என்பதே சந்தேகம். ராஜராஜன் இல்லையென்றால் ராஜேந்திரன் இல்லை, ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தலைநகரும் எழுந்திருக்காது. கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கப் போகிறவர்கள் அதே பஸ்ஸில் காட்டுமன்னார்கோயில் வரை ஒரு டிக்கெட் எடுத்தால், அந்த நிலப் பத்திரத்தையும் நேரில் பார்த்துவிட்டு வரலாம்.