மூல ஓலை எங்கே?

கடனைக் கேட்டு வருபவரிடம் ஆதாரம் கேட்பது தமிழருக்குப் புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்திலேயே இதுபோன்ற ஒரு வழக்கு வருகிறது.

சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்தார். பாட்டனார் எழுதித் தந்த ஓலைப்படி சுந்தரர் தமக்கு அடிமை என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது. ஆட்சி (வழிவழி வழக்கம்), ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு சபையோர் முதியவரிடமே கேட்டனர். கிழிந்தது படி ஓலைதான் என்று சொல்லி அவர் மூல ஓலையை நீட்டினார். பாட்டனாரின் வேறொரு கையெழுத்துடன் ஒப்பிட்ட பிறகே சுந்தரருக்கு எதிராகத் தீர்ப்பானது. வந்தவர் சிவபெருமான் என்கிறது புராணம். அவரும் ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது!

1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு சொன்னதும் இதுவே: உரிமை கோருபவரே நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் இது 104-ஆம் பிரிவு. எல்லை ஊரான களியக்காவிளையில் வட்டித் தொழில் பற்றிய சட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்று, கேரளப் பக்கம் வேறொன்று. இந்த விதி மட்டும் இருபுறமும் ஒன்றே.

ஆனால் கடனை அடைத்துவிட்டதாகச் சொன்னால், அதை நிரூபிப்பது வாங்கியவர் பொறுப்பு. ஆகவே பணத்தைக் கொடுக்கும்போதே ரசீதையும் புரோநோட்டையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். படியைக் கிழித்துப் பயனில்லை.