அச்சுப்பொறியும் தாளூட்டும் கையும்: யாழ்ப்பாண அச்சு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதியோர் அச்சியந்திரத்தின் வருகைக்கு உரிய இடம் வழங்கியே வந்துள்ளனர். 1820 இல் அமெரிக்க மிஷனின் அச்சாளராக வந்த ஜேம்ஸ் கரற் ஆங்கில ஆட்சியினரால் வெளியேற்றப்பட்டமை, 1834 இல் ஈஸ்ற்மன் மைனர் வந்தமை, 1841 இல் உதயதாரகையும் 1842 இல் மானிப்பாய் அகராதியும் வெளிவந்தமை, ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை சென்று இயந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியமை ஆகியன யாவரும் அறிந்தவை. ஆயின் இவ்வரலாறு எழுதியோரதும் உடைமையாளரதும் வரலாறேயாகும். இயந்திரத்துக்குத் தாளூட்டிய கையை அதிற் காண்பதரிது.

கையச்சில் இழுகோலை இழுப்பவனின் தோள்வலிமையே இயக்குசக்தி. தோள் ஓய்ந்தால் பொறியும் ஓயும். பின்வந்த ‘ட்ரெடில்’ இயந்திரத்திலோ அச்செழுத்துப் பூட்டிய பரப்பும் தாள் ஏந்தும் பரப்பும் தாடைகள் போன்று திறந்து மூடுவன. அவை திறந்திருக்கும் கணத்தில் ஒரு கை புதிய தாளை வைக்க, மறுகை அச்சான தாளை எடுக்கவேண்டும். காலால் மிதித்தவரை வேகம் தொழிலாளியிடம் இருந்தது. மிதிபலகைக்குப் பதிலாக மோட்டரும் தோற்பட்டியும் பூட்டப்பட்டபோது அது அவனைவிட்டு நீங்கிற்று. (1990 இல் குடாநாட்டுக்கான மின்விநியோகம் துண்டிக்கப்பட்ட பின்னர், மிதிபலகையைக் கழற்றி எறியாதிருந்த அச்சகங்களிற் காலே மீண்டும் துணையாயிற்று என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.) ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் மார்க்ஸ், இங்கிலாந்தின் அச்சகங்களில் தாள் வைப்பதும் எடுப்பதுமே தொழிலாகக் கொண்ட சிறுவரைக் குறிப்பிடுவது இத்தகைய மாற்றத்தையே ஆகும்.

இலங்கையின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1950 இல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான இயங்குபாகங்களுக்கு வேலியிட வேண்டுமென அது விதித்தது. ‘ட்ரெடில்’ இயந்திரத்திற்கு அவ்வேலி, தாடை மூடுகையில் முன்னெழுந்து கையைத் தள்ளிவிடும் ஒரு சட்டகமாகும். அதனை அகற்றியபின் வேலை விரைந்து நடக்கும். அகற்றுவதற்கு ஒரு திருகுசாவியே போதும்.

எமது மாணவப் பருவத்திற் சஞ்சிகையொன்றின் மெய்ப்புப் பார்க்கச் சென்றவிடத்து, இரு விரல்களை இழந்த அச்சுத்தொழிலாளி ஒருவரைக் கண்டோம். கலியாண அழைப்பிதழ் அடிக்கையிற் கோணலாக விழுந்த தாளை நேராக்கக் கை நீட்டினாராம். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் பற்றி வினவினோம். “முதலாளி எனக்கு மச்சான் முறை தம்பி. அவரிட்டை எப்பிடிக் காசு கேக்கிறது?” என்றார். உறவுமுறை உற்பத்தி உறவை மூடிநிற்கும் இந்நிலை யாழ்ப்பாணச் சமூகத்துக்குப் புதியதன்று.

நாம் மேலும் கேட்டோம்: கோணல் தாளை ஏன் விட்டுவிடவில்லை? அவ்வச்சகத்திற் பழுதான தாள்கள் மாலையில் எண்ணப்பட்டு, அவற்றின் பெறுமதி கூலியிற் கழிக்கப்பட்டதாம். இன்று ஆபத்து மதிப்பீடு எனப்படுவது, விபத்து நிகழுமுன்னரே வேலையின் ஒவ்வொரு படியையும் ஆராய்ந்து, கை எங்கே, ஏன் செல்கின்றது என வினவுவதாகும். தாடைகளின் இடைவெளியை மட்டும் அளப்பவருக்கு அந்த ‘ஏன்’ புலப்படாது. கூலிக் கணக்கேட்டையும் புரட்டவேண்டும். நாம் விடைபெற்ற வேளையிலும் அவர் அதே இயந்திரத்துக்கு எஞ்சிய விரல்களால் தாளூட்டிக்கொண்டிருந்தார். சட்டகம் சுவரோரம் சாய்ந்துகிடந்தது.