சேரிக் குழந்தையின் முதல் சொல்: விளையாட்டிடமும் பேச்சுப் பயிற்சியும் சட்ட உரிமைகளே

மூன்று வயது நிறைந்தும் பேசாத குழந்தையைப் பற்றிக் கவலைப்படும் தாய்க்கு ஊரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இவங்க அப்பனும் மெதுவாத்தான் பேசினான், தானா வந்துரும்." சில குழந்தைகளுக்கு அது தானாகவே வந்துவிடுகிறது. சிலருக்கு வருவதில்லை. எந்தக் குழந்தை எந்த வகை என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வசதியுள்ள குடும்பங்கள் நகரத்துத் தனியார் மையங்களில் பணம் கட்டி அதைத் தெரிந்துகொள்கின்றன. ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் உலை வைக்க இயலாத தலித் குடும்பங்களோ காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பில் கழியும் இரண்டு, மூன்று ஆண்டுகளைப் பின்னர் எந்தத் தீர்ப்பாலும் மீட்டுத்தர முடியாது.

சட்ட உதவிப் பணிக்காக நாம் செல்லும் காலனிகளில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். மூன்று சென்ட் மனைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. குழந்தைகள் விளையாடுவது தார்ச்சாலையிலோ சாக்கடையோரத்திலோதான். அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருக்கிறது. பள்ளி மைதானம் பூட்டப்பட்டிருக்கிறது. விளையாட இடமில்லாமையும் பேச்சுத் தாமதம் கண்டறியப்படாமையும் இரு வேறு சிக்கல்களாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதையும், இரண்டுக்கும் சட்டத்தில் வழி உண்டு என்பதையும் இக்கட்டுரையில் தொகுத்துரைக்கிறோம்.

விளையாட்டும் பேச்சும்

குழந்தை பேச்சைப் பாடமாகக் கற்பதில்லை. அது ஓர் ஒலி எழுப்புகிறது. எதிரில் இருப்பவர் அதற்குப் பதில் தருகிறார். குழந்தை மீண்டும் ஒலிக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழி பிறக்கிறது. கண்ணாமூச்சியில் முறைக்காகக் காத்திருக்கவும், சொப்பு விளையாட்டில் இல்லாத சோற்றை இருப்பதாகச் சொல்லிப் பரிமாறவும் குழந்தை பழகுகிறது. உள்ளங்கையில் விரல்களை நண்டாக ஊரவிட்டுக் கூச்சம் காட்டும் பாட்டியிடமிருந்து அடுத்த சொல்லை எதிர்பார்க்கப் பழகுகிறது. இவை யாவும் பேச்சுப் பயிற்சியே. இவற்றுக்கு இரண்டு தேவை: ஓய்வாக அருகில் இருக்கும் ஒரு பெரியவர், அஞ்சாமல் உட்காரவும் ஓடவும் ஓர் இடம். விடியலில் வேலைக்குச் சென்று அந்தியில் திரும்பும் தாயிடமிருந்து முதலாவதைக் கூலிமுறை பறித்துக்கொள்கிறது. இரண்டாவதைச் சாதி பறித்துக்கொள்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைவுடன் இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கைப்பேசி, தொலைக்காட்சித் திரை கூடாது. வெளியே இடமில்லாத வீட்டில் கைப்பேசியே குழந்தையைக் காக்கும் ஆயாவாகிவிடுகிறது. அதற்காகத் தாயைக் குறைகூறுவோர், அவள் வீட்டு வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்கான தீர்வு செலவு மிகுந்ததன்று. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் 1980களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. சுகாதாரப் பணியாளர்கள் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சென்று, எளிய பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு தாயையும் சேயையும் சேர்ந்து விளையாடச் செய்தார்கள். இது இரண்டு ஆண்டுகள் நடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அக்குழந்தைகளின் வருமானம் இந்த உதவி கிட்டாதவர்களின் வருமானத்தைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு இதே முறை பின்பற்றப்பட்டபோதும் குழந்தைகளின் அறிவுத்திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் மேம்பட்டன.

மையம் எந்தத் தெருவில்?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டமும் அவற்றுக்கு உண்டு. எண்ணிக்கையிலும் ஏட்டிலும் குறை காண்பது கடினம். மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே எந்தக் குழந்தை எங்கே உட்காருகிறது என்பனவே நம் கேள்விகள். உணவுத் திட்டங்களில் சாதிப் பாகுபாடு குறித்துச் சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. ஆதிக்கச் சாதியினர் வாழும் பகுதியில் மையம் அமைவதே தலித் குழந்தைகளுக்குத் தடையாகிறது என்பதை அது எடுத்துக்காட்டியது. மூன்று வயதுக் குழந்தை தனியாக ஊர்த்தெருவைக் கடந்து செல்லாது. அழைத்துச் செல்லும் பாட்டிக்கு அந்தத் தெருவின் பழைய நினைவுகள் உண்டு.

அதட்டப்படும் குழந்தை பேசாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை மையத்தில் வாய் திறப்பதில்லை என்றால், காரணம் குழந்தையிடம் இல்லாமல் மையத்தில் இருக்கக்கூடும்.

தாமதம் வேறு, வீட்டுமொழி வேறு

மேற்கு மாவட்டங்களில் அருந்ததியர் குடும்பங்கள் பல வீட்டில் தெலுங்கு பேசுகின்றன. இருளர் குழந்தைகளுக்கு இருளர் மொழி உண்டு. சேரித் தமிழுக்கும் தனக்கே உரிய சொற்களும் ஓசையும் உண்டு. பாடநூல் தமிழில் பதில் சொல்லாத குழந்தையை 'மந்தம்' என்று பதிவேட்டில் எழுதுவது சாதி மனம் செய்யும் மருத்துவமே அன்றி வேறில்லை. இரு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்காது. குழந்தையின் பேச்சை அதன் வீட்டுமொழியில் சோதிக்க வேண்டும் என்று பெற்றோர் வலியுறுத்தலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. "நம்ம பிள்ளைங்க இப்படித்தான்" என்று உண்மையான தாமதத்தைத் தள்ளிவிடுவதும் குழந்தைக்கு அநீதியே. கீழ்க்காணும் குறிகளில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது:

- பலத்த ஓசைக்குத் திரும்பாமை, பெயர் சொல்லி அழைத்தால் பாராமை.
- 12 மாதம் ஆகியும் மழலை ஒலிகள் எழுப்பாமை, விரல் நீட்டிக் காட்டாமை.
- 16 மாதம் ஆகியும் பொருளுள்ள ஒரு சொல்கூட வராமை.
- 24 மாதம் ஆகியும் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்லாமை.
- எந்த வயதிலும், வந்த பேச்சு மறைந்துபோதல்.

முதலில் சோதிக்க வேண்டியது காது. அடிக்கடி சீழ் வடியும் காது எளிய நோயாகத் தோன்றினாலும், கேட்கும் திறனைக் குறைத்து அதன் வழியே பேச்சையும் தடுக்கும். காதில் எண்ணெய் விடுவது மருத்துவமன்று. பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் உதவி தொடங்குதல் என்பதே மருத்துவ உலகம் ஏற்றுள்ள கால அளவு.

எங்கே செல்வது?

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். அக்குழு பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் செவித்திறன் குறைவும் மொழி வளர்ச்சித் தாமதமும் உள்ளன. ஐயம் எழுந்தால், குழந்தையை மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்ப வேண்டும். அங்கே சோதனையும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடிக்கே செல்லாத குழந்தை இந்தச் சோதனையிலிருந்தும் நழுவிவிடுகிறது. ஊர்த்தெருவிலுள்ள மையம் ஒரு தலித் குழந்தைக்கு மூடப்படும்போது, சத்துமாவோடு மருத்துவரும் மறுக்கப்படுகிறார் என்பதே இதன் பொருள்.

சான்றிதழ் குறித்துப் பெற்றோரிடையே ஒரு குழப்பம் நிலவுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை உடல் உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் வரும் நிரந்தரக் குறைபாடாக வரையறுக்கிறது. பேச்சு தாமதமாகும் சிறு குழந்தைகளில் பலர் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் இடையீட்டு மையத்தின் சேவைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முன்நிபந்தனை அன்று. "சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்று யாரேனும் திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும்.

கேட்கும் திறன் மிகக் குறைந்த குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை கிடைக்கிறது. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கே அது உரியது. ஐந்து வயதில் பள்ளிச் சேர்க்கையின்போது குறைபாடு கண்டறியப்படும் குழந்தைக்கு எஞ்சியிருப்பது சில மாதங்களே. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் நீண்ட காலம் பயிற்சி தொடர வேண்டும். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி இழப்பு என்பதால், காலனிக்கு அருகிலேயே பயிற்சி நாள்களை ஏற்பாடு செய்யுமாறு கோருவது நியாயமே.

சட்டம் தரும் பிடி

அரசமைப்பின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொது இடம் ஆகியவற்றைப் பயன்படுத்தச் சாதியின் பெயரால் தடை விதிக்கக் கூடாது என்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 45ஆம் பிரிவு, ஆறு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் வழங்க அரசு முயல வேண்டும் என்கிறது. 1992இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டை உரிமையாகவே அறிவிக்கிறது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. பொதுச் சொத்துகளைச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும், கல்வி நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், வேறு பொது இடம் ஆகியவற்றுக்குள் நுழைவதைத் தடுப்பதும் அதன்படி குற்றமாகும். தலித் குழந்தைகளைப் பொது விளையாட்டுத் திடலிலிருந்து விரட்டுவதைச் 'சின்னப் பிள்ளைகள் சண்டை' என்று காவல் நிலையம் தள்ளிவிட இயலாது. முதல் தகவல் அறிக்கை பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று அச்சட்டத்தின் 18ஏ பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்து, குறைபாடு நேரக்கூடியவர்களைக் கண்டறியும் கடமையை அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்புகளின் மீதும் சுமத்துகிறது. 'எல்லாக் குழந்தைகளும்' என்பதில் காலனிக் குழந்தைகளும் அடக்கம்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த ஆணை முக்கியமானது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் குறைந்தது 40 பேர் உள்ள குடியிருப்பில் மையம் இல்லையெனில், மக்கள் கோரிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அங்கன்வாடி அமைக்க வேண்டும் என்று அது கூறியது. புதிய மையங்களில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவும் பணித்தது. அவ்வழக்கு 2017இல் முடித்துவைக்கப்பட்டது. எனினும் 'கோரிக்கையின் பேரில் அங்கன்வாடி' என்னும் நெறி திட்ட விதிமுறைகளில் இடம்பெற்றுள்ளது.

நிலத்தைப் பொறுத்தவரை இரண்டு தீர்ப்புகள் உதவும். பூங்காவிற்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்தது செல்லாது என்று பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கிராமப் பொதுநிலத்தின் மீதான ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் ஆணையிட்டது. நிலமற்றோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு முறையாக வழங்கிய ஒதுக்கீடுகளுக்கு அதே தீர்ப்பில் விலக்கும் உண்டு. 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்ற பெயரில் நம் குடிசைகளின் மீது இத்தீர்ப்பு பாயும்போது, இந்த விலக்கை நாம் நினைவூட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் கணக்கெடுப்பு. காலனியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், மேற்கண்ட குறிகள் உள்ளவர்கள் எத்தனை பேர், மையம் எவ்வளவு தொலைவில் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். குழந்தைகளின் பெயர்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிலம். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள பதிவேடுகளைக் கொண்டு காலனிக்கு அருகிலுள்ள புறம்போக்கை அடையாளம் காணுங்கள். நிழல் தரும் மரமும், மணலும், தண்ணீர்க் குழாயும், பெரியவர் உட்காரத் திண்ணையும் இருந்தால் சிறு குழந்தைகளுக்கு அது போதும். இரும்பு ஊஞ்சல் பின்னர் வரட்டும்.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் நடக்கும் கூட்டங்களில் அங்கன்வாடிக்கும் விளையாட்டிடத்திற்கும் தீர்மானம் கோருங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள். மறுக்கப்பட்டால், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு அளித்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். மூன்று மாதக் கணக்குக்கு அந்தச் சீட்டே சான்று.

நான்காவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆர்.பி.எஸ்.கே. குழு கடந்த இரண்டு ஆண்டுகளில் நம் மையத்திற்கு வந்த நாள்கள், சோதித்த குழந்தைகளின் எண்ணிக்கை, மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாள்களில் பதில் தர வேண்டும். இல்லையெனில் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

ஐந்தாவது, நிதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. அவர்களுக்கான துணைத்திட்ட நிதியை முறைப்படுத்த 2024இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அந்த நிதியில் சிறு குழந்தைகளுக்கான இடமும் பேச்சுப் பயிற்சியாளர்களும் ஏன் இடம்பெறக் கூடாது என்ற கேள்வியை நம் அமைப்புகள் எழுப்ப வேண்டும்.

நிலம், கூலி, கோயில், மயானம் எனப் பெரிய போராட்டங்களுக்கு நடுவே இது சிறிய கோரிக்கையாகத் தெரியலாம். ஆனால் காவல் நிலையத்தில் புகார் சொல்லவும், வகுப்பில் கேள்வி கேட்கவும், கிராம சபையில் எழுந்து நின்று பேசவும் ஒருவர் முதலில் பேசக் கற்றிருக்க வேண்டும். நம் காலனிகளில் இன்று தவழும் குழந்தைக்கு அதற்கான காலம் ஐந்தாறு ஆண்டுகளே. அடுத்த கிராம சபைக்கு முன் அந்த நோட்டில் கணக்கு எழுதி முடித்திருக்க வேண்டும்.