சாகும் பவளத்தின் மேல் வளர்வது

தொட்டியில் வளரும் பவளம் சாகத் தொடங்கினால் அதன் மெல்லிய சதை விலகி, வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு வெளியே தெரியும். அந்த இடம் அதிக நாள் வெள்ளையாக இராது. முதலில் பழுப்புப் படலம், அடுத்து இழைப்பாசி, பிறகு இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி, கடற்பஞ்சு, குழாய்ப்புழு, ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி என ஒவ்வொன்றாகக் குடியேறும். வந்திருப்பது கொலையாளியா, செத்த வீட்டில் குடிபுகுந்ததா என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. இதைப் பிரித்தறியும் கலை மெதுவாகத்தான் வளர்ந்தது.

1846இல் ஆனா தைன் என்ற பெண்மணி, டார்கி கடற்கரையில் எடுத்த சிறு பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவற்றை ஊசி நூலால் கடற்பஞ்சில் தைத்து நிறுத்தினார். திறந்த சன்னலருகே கடல்நீரைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றவைத்துக் காற்றேற்றினார். பவளங்கள் பல்கிய விதத்தை அவர் விவரித்த கட்டுரை 1859இல் அச்சானது. பவளத்தை வீட்டில் வைத்து நாள்தோறும் உற்றுப் பார்க்கும் வழக்கத்துக்கு அவரை முன்னோடி என்றே சொல்லவேண்டும்.

1889இல் போர்னே, ஃபிளாவோ என்ற பிரெஞ்சு அறிஞர்கள் சுண்ணாம்பைத் துளைத்து வாழும் ஆஸ்ட்ரியோபியம் பாசிக்குப் பெயரிட்டார்கள். செத்த கிளையை ஒடித்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் கோடாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். பவளம் நலமாக இருந்தபோதே அது உள்ளே இருந்திருக்கும். சதை போனபின் கண்ணில் படுகிறது, அவ்வளவே. இதைக் கொலையாளி என்று நினைப்பது எளிதில் நேரும் பிழை.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக்குமிழிகளையும் கொண்டே கடல் தொட்டியைப் பராமரிக்கும் முறையை வெளியிட்டார். பின்னாளில் பெர்லின் நகர வளர்ப்பாளர்கள் அந்த ‘லைவ் ராக்’குடன், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் வலுவான விளக்கையும் சேர்த்தார்கள். கடினப் பவளம் தொட்டியில் நிலைத்தது. கூடவே, பாறையில் ஒட்டியிருந்த பெயர் தெரியாத உயிர்களும் வீட்டுக்குள் வந்தன.

1973இல் ஆர்ன்ஃபிரீட் அன்டோனியஸ், பெலீஸ் கடலில் கண்ட கரும்பட்டை நோயை விவரித்தார். அதில் நிறங்களின் வரிசையே சாட்சி. உயிருள்ள சதையை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அதன் பின்னே வெள்ளைக்கூடு, அதற்கும் பின்னே பாசி. பட்டை நகர நகரச் சதை அழிகிறது. இதற்கு மாறாக, சதைக்கும் பாசிக்கும் நடுவே வெள்ளை இடைவெளி இருந்தால் பாசி பின்னால் வந்தது. குற்றம் வேறெங்கோ இருக்கிறது. தொட்டியிலும் முதலில் பார்க்கவேண்டியது இந்த விளிம்பைத்தான். நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டுவதைவிட இது பல மடங்கு நம்பகமானது.

விளிம்பும் பேசாத வழக்குகள் உண்டு. அக்ரோபோரா என்னும் கிளைப்பவளங்களில் வெளிர் வட்டத் தழும்புகள் தோன்றி, அடிப்பகுதி மெல்ல வெறுமையாகும். அந்த வெறுங்கூட்டில் பழுப்புப் புள்ளிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். பாசித்துளி போலத் தெரிந்தாலும் அவை முட்டைகள். அவற்றை இட்ட தட்டைப்புழு கண்ணாடிபோல் மெல்லியது. தின்ற பவளத்தின் நிறமே அதன் வயிற்றில் தெரிவதால், இரை மேல் படுத்திருக்கும்போது கண்ணுக்குச் சிக்காது. பிப்பெட்டால் நீரைப் பீய்ச்சினால் உதிர்ந்து விழும். மருந்து நீரில் முக்கினால் புழு போகும், முட்டை பிழைக்கும். அதனால் சில வாரம் கழித்து மறுபடி தேடியே ஆகவேண்டும். வளர்ப்பாளர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த இப்புழுவுக்கு 2011இல்தான் அமகுசபிளானா அக்ரோபோரே என்ற அறிவியல் பெயர் கிடைத்தது. அதுவரை எந்தக் கடலிலும் அதை யாரும் பதிவுசெய்திருக்கவில்லை. மறு ஆண்டு, ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டின் லிசார்ட் தீவருகே, காட்டுப் பவளத்திலும் அது கண்டெடுக்கப்பட்டது.