அமர்ந்தோர் ஆசனம்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

பொருள்களுக்கும் வரலாறு உண்டு. முடிக்கும் வாளுக்கும் வரலாறு எழுதிய நம் பாடநூல்கள், கலப்பைக்கும் தறிக்கும் கதிரைக்கும் வரலாறு எழுத மறந்துவிட்டன. இம்மறதி தற்செயலாக நேர்ந்ததன்று. ஆள்வோர் கையிலிருந்த பொருளே வரலாற்றுக்குரிய பொருள் எனக் கருதிய கல்வி முறையின் விளைவு அது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மிகச் சிறியதொரு பொருள்: நடக்கவோ நிற்கவோ இயலாதவர் இருந்தபடியே தம் உடலைப் பயிற்றுவதற்கென ஆக்கப்பட்ட ஆசனம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் சிலர் வினவலாம். அவ்வாசனத்தில் எவர் அமர்ந்தார்? எவர் அதனை ஆக்கி அளித்தார்? எவருடைய நன்மைக்காக அது இயங்கியது? இம்மூன்று வினாக்களையும் எழுப்புவோமாயின், இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட சமூக வரலாறு அச்சிறு பொருளின் பின்னால் விரிவதைக் காண்போம்.

முதற்கண் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை நோக்குவோம். நிலவாடகையில் வாழ்ந்த கனவான்கள் மிகையாக உண்டனர், மிகையாகக் குடித்தனர், கால் நிலத்திற் படாமல் வண்டியிற் சென்றனர். பருத்த உடலும் கீல்வாதமும் அவ்வர்க்கத்தின் அடையாளங்களாயின. குதிரையேற்றமே சிறந்த தேகாப்பியாசம் என்பது அக்கால வைத்தியரின் கொள்கை. குதிரையேற மாட்டாத அளவுக்குப் பருத்தவரும் கால் வீங்கியவரும் என்செய்வது? அவர்களுக்கென 1740ஆம் ஆண்டை அண்டி வழக்கிற்கு வந்ததே ‘அறைக்குதிரை’ எனப் பெயர் பெற்ற கதிரை. மெல்லிய பலகைகளுக்கிடையே சுருட்கம்பிகளை வைத்து, முழுவதையும் தோலாற் போர்த்திய உயர்ந்த இருக்கை அது. அமர்ந்தவர் இரு பக்கக் கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு மேலும் கீழுமாக அசைவார். குதிரைமேற் செல்லும் குலுக்கம் அறைக்குள்ளேயே கிடைக்கும். தாமே மிகப் பருத்த உடலினராயிருந்த வைத்தியர் ஜோர்ஜ் செயின் இதனைப் பரிந்துரைத்தார். புகழ்பெற்ற தளபாட வல்லுநரான தோமஸ் ஷெரட்டன் 1790களில் வெளியிட்ட நூலில் இதன் அமைப்பை வரைந்து காட்டினார். மெதடிஸ்த பாடசாலைகள் வாயிலாக நம்மவர்க்குப் பெயரளவில் அறிமுகமான ஜோன் வெஸ்லியின் இலண்டன் இல்லத்திலும் இத்தகைய கதிரையொன்று உண்டு.

ஆனால் அதே ஐரோப்பாவில், நாள் முழுவதும் அமர்ந்தே உடல் கெட்ட வேறொரு கூட்டத்தாரும் இருந்தனர். இத்தாலிய வைத்தியர் பெர்னாதீனோ ரமசீனி, தொழிலாளரின் நோய்கள் பற்றி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தையற்காரரையும் சப்பாத்துத் தைப்போரையும் தனியே எடுத்து ஆராய்ந்தார். குனிந்து அமர்ந்த நிலையிலேயே உழைத்து அவர்கள் கூனடைவதையும், கால்கள் மரத்துப்போவதையும் அவர் கண்டார். விடுமுறை நாள்களிலாயினும் உடலை இயக்குமாறு அவர்களுக்கு அறிவுரை கூறினார். அறிவுரை கூறவே அவரால் முடிந்தது. சுருட்கம்பியும் தோலும் கொண்ட கதிரையைத் தையற்காரருக்கு எவரும் செய்து கொடுக்கவில்லை. அமர்ந்திருத்தல் இரு வர்க்கங்களுக்கும் பொதுவாயிருந்தது. அமர்ந்திருத்தலுக்கான மருந்து ஒரு வர்க்கத்துக்கே உரியதாயிருந்தது. இது மனங்கொள்ளத்தக்கது.

1796இல் இலண்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் லௌண்டெஸ் என்பார் ‘ஜிம்னாஸ்டிகன்’ என்ற பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கைகளுக்கும் கால்களுக்கும் தனித்தனியே சுழலும் பிடிகளும் மிதிகளும் அதிற் பொருத்தப்பட்டிருந்தன. வலுவுள்ளவர் தாமே அதனைச் சுழற்றலாம். வலுவற்றவரின் உறுப்புகளை வேறொருவர் பொறியைச் சுழற்றி இயக்கலாம். நோயாளர் தாமே செய்யும் இயக்கம், நோயாளருக்குச் செய்யப்படும் இயக்கம் என்ற பாகுபாடு இங்கே பொறியின் வடிவிலேயே இடம்பெறுகின்றது. பின்வந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்குமிடையிலான இழுபறியே எனலாம்.

19ஆம் நூற்றாண்டில் நிகழ்வுகளின் களம் சுவீடனுக்கு மாறுகின்றது. பேர் ஹென்ரிக் லிங் என்பார் 1813ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோமில் நிறுவிய தேகாப்பியாசக் கல்லூரியில், நோய் தீர்க்கும் அப்பியாசம் ஒரு துறையாக வளர்ந்தது. அம்முறையில் பயிற்சி பெற்ற உதவியாளர் தம் கையாலேயே நோயாளரின் அசைவுக்குத் தடைகொடுத்துப் பயிற்றுவார். ஆகவே நோயாளர் தொகை பெருகப் பெருக உதவியாளர் தொகையும் பெருக வேண்டியிருந்தது. அதே நாட்டின் வைத்தியர் குஸ்தாவ் சாந்தர் இச்சிக்கலுக்குக் கைத்தொழில் யுகத்தின் விடையைக் கண்டார். தறியில் நெசவாளியின் கையை எவ்வாறு பொறி பதிலீடு செய்ததோ, அவ்வாறே உதவியாளரின் கையை நெம்புகோலால் அவர் பதிலீடு செய்தார். 1865ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோமில் அவர் திறந்த நிலையத்தில் 27 இயந்திரங்கள் இருந்தன.

அவ்வியந்திரங்களிற் பல, ஆசனம் பொருந்தியவை. நோயாளர் அமர்ந்து, காலையோ கையையோ நெம்புகோலுடன் பொருத்திக்கொள்வார். நெம்புகோலில் நகரும் எடையொன்று இருக்கும். அதனை அளவுகோலில் ஒரு படி தள்ளினால் சுமை ஒரு படி கூடும். இன்று எத்தனை படி, நாளை எத்தனை படி என வைத்தியர் எண்ணாற் குறித்துக் கொடுக்கலாம். தாமாக அசைய மாட்டாத உறுப்புகளை அசைப்பதற்கு நீராவியால் இயங்கும் இயந்திரங்கள் தனியே இருந்தன. இன்று உடற்பயிற்சி நிலையங்களில் நாம் காணும் அமர்ந்து இயக்கும் பொறிகளின் முன்னோடிகள் இவையே. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாக் கண்காட்சியில் இவை பரிசு பெற்றன. பின்னர் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கும் பரவின.

பரவிய விதம் நோக்கற்பாலது. ஒருபுறம் செல்வந்தர் நாடும் நீராடு நகரங்களிலும் ஆடம்பர விடுதிகளிலும் இப்பொறிகள் இடம்பெற்றன. 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் அப்பியாசக் கூடத்தில் மின்சாரத்தால் இயங்கும் குதிரையும் ஒட்டகமும் இருந்தன. சாந்தர் முறைப் பொறிகளை ஆக்கிய ஜேர்மன் நிறுவனமொன்றின் ஆக்கங்கள் அவை. முதலாம் வகுப்புப் பிரயாணிகளுக்கே அக்கூடம் உரியது. அறைக்குதிரை நூற்றெழுபது ஆண்டுகளின் பின்னர் மின்சாரம் பெற்றுக் கடலேறியது. அதன்மேல் அமர்ந்தோரின் வர்க்கம் மாறவில்லை. அதே கப்பலின் அடித்தளத்தில் நின்று நிலக்கரி வாரிய தொழிலாளருக்குத் தேகாப்பியாசத்துக்குக் குறைவிருக்கவில்லை!

மறுபுறம் இப்பொறிகள் தொழிலாளரையும் சென்றடைந்தன. சென்றடைந்த முறைதான் துயரமானது. சோஷலிச இயக்கத்தை 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒடுக்கிய பிஸ்மார்க், 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வேலையில் ஊனமுற்ற தொழிலாளருக்கு உதவிப்பணம் வழங்கும் பொறுப்பு முதலாளிகளின் சங்கங்களிடம் விடப்பட்டது. உழைக்கும் ஆற்றலை முற்றாக இழந்தவருக்குக் கூலியில் மூன்றில் இரு பங்கு. ஓரளவு இழந்தவருக்கு அதற்கேற்ற வீதம். இங்கே சாந்தரின் அளவுகோல் முதலாளிகளின் சங்கங்களுக்குக் கைகொடுத்தது. நசுங்கிய கையோடு வந்த தொழிலாளி ஆசனத்தில் அமர்த்தப்பட்டார். நெம்புகோலை எத்தனை படி இயக்குகிறார் என அளக்கப்பட்டது. பயிற்சியால் ஆற்றல் மீண்டதென்று முடிவானால் உதவிப்பணம் குறையும். மீளவில்லை என்று தொழிலாளி கூறினால், நடிக்கிறார் என்ற ஐயம் எழும். ஜேர்மன் தொழிலாளர் இந்நிலையங்களுக்கு இட்ட பட்டப்பெயர் ‘உதவிப்பணம் பிழியும் ஆலை’ என்ற பொருளுடையது. கரும்பைப் பிழியும் ஆலையை அறிந்த நமக்கு அப்பெயரின் கசப்பு எளிதில் விளங்கும்.

இதனைக் கொண்டு இயந்திரமே தீயதென்று முடிவு கட்டுவது பேதைமை. சாந்தரின் பொறிகளால் விறைத்த மூட்டுகள் தளர்ந்தன. மெலிந்த தசைகள் தேறின. அளவறிந்து சுமையைக் கூட்டும் அவருடைய கருத்து அறிவியல் நெறிப்பட்டது. அளவுகோலை எவர் வாசிக்கிறார், வாசித்ததை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதிலேயே பிழை கிடந்தது.

இதற்குச் சான்றாக முதலாம் உலகப்போர்க் காலத்து நிகழ்வொன்றைக் காட்டலாம். போரில் ஊனமுற்றுத் திரும்பிய கனேடியப் போர்வீரருக்கு டொரன்டோப் பல்கலைக்கழகத்தின் ஹார்ட் மண்டபத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது. உளவியலாசிரியர் எட்வட் பொட் அங்கே பயன்படுத்தியவை, விலையுயர்ந்த இயந்திரங்களுக்குப் பதிலாக மரத்தாலும் கயிற்றாலும் ஆன எளிய கருவிகள். நோயாளர் தாமே கருவியை இயக்கித் தம் முன்னேற்றத்தைத் தாமே அளவில் காண வேண்டும் என்பது அவர் கொள்கை. அளவுகோல் இங்கே நோயாளரின் கண்முன் திரும்பியது. சிறியதொரு திருப்பந்தான், ஆயினும், சோதிக்கப்படும் பொருளாயிருந்தவர் தம்மை அறியும் மனிதராக மாறினார். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டெலோர்ம், அமர்ந்தபடி முழங்காலை நீட்டி இரும்புச் சப்பாத்தை உயர்த்தும் பயிற்சியை வகுத்தார். சுமையைப் படிப்படியாகக் கூட்டும் அம்முறையை 1945இல் அவர் வெளியிட்டார். இன்றும் அதுவே வைத்தியசாலைகளில் அடிப்படையாயுள்ளது.

ஆனால் முள்ளந்தண்டு முறிந்தவரின் நிலை வேறு. அவர்களுக்கு முழங்காலை நீட்டும் பயிற்சியாற் பயனில்லை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் விரைவில் இறந்துபோவதே அவர்களுடைய விதியென வைத்தியர் பலர் கைவிட்டிருந்தனர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 பெப்ரவரியில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் இவர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்கவைப்பது அவருடைய முதல் விதி. படுக்கையைவிட்டு எழுப்பிச் சக்கர நாற்காலியில் அமர்த்துவது அடுத்தது. அமர்ந்தபின் சும்மா இருக்கலாகாது என்பதே அவர் சிறப்பாக வற்புறுத்தியது. கால்கள் செயலிழந்தவருக்குத் தோளும் கையுமே கால்கள். அவை வலுப்பெற்றாலன்றிக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறவும் இயலாது.

அப்பியாசம் விளையாட்டாக மலர்ந்தது அங்கேதான். சக்கர நாற்காலியில் அமர்ந்து கோலாற் பந்தடித்தனர், பின்னர் வலைப்பந்து விளையாடினர், வில்லேந்தினர். 1948 ஜூலை 29ஆம் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மண்டவிலில் 16 பேர் விற்போட்டியிற் கலந்துகொண்டனர். அவர்களுள் இருவர் பெண்கள். 1960இல் ரோமாபுரியில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் போட்டியிட்டனர். சாந்தரின் ஆசனம் நிலத்தில் அறையப்பட்டிருந்தது. நோயாளரே அதனிடம் செல்ல வேண்டும். ஸ்டோக் மண்டவிலில் ஆசனத்துக்குச் சக்கரம் முளைத்தது. அது அமர்ந்தவரோடு மைதானத்துக்குச் சென்றது.

ஆயினும் மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் படிக்கட்டு எதிர்ப்பட்டது. எவ்வளவு வலுப்பெற்ற தோளும் சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாது. உடலைச் சமூகத்துக்கேற்பத் திருத்துவதா, சமூகத்தை உடல்களுக்கேற்பத் திருத்துவதா என்ற வினா இங்கே பிறந்தது. இதனை எழுப்பியோர் வைத்தியரல்லர், அமர்ந்திருந்தோரே எழுப்பினர். இங்கிலாந்தில் போல் ஹண்ட் 1972இல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தின் வழியே, வலுவிழந்தோரின் சங்கமொன்று உருவாயிற்று. உடற்குறை வேறு, அக்குறையுடையோரைச் சமூகம் ஒதுக்குவதால் விளையும் இயலாமை வேறு என 1976இல் அச்சங்கம் தெளிவுபடுத்தியது. 1977 ஏப்ரலில் சன்பிரான்சிஸ்கோ நகரின் அரசாங்கக் கட்டடமொன்றை வலுவிழந்தோர் கைப்பற்றி மூன்று வாரங்களுக்கு மேலாக அமர்ந்திருந்தனர். 1973ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களித்த உரிமைகளுக்கான விதிகளை அரசாங்கம் காலந்தாழ்த்தியமையே காரணம். கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் அவர்களுக்கு உணவு கொண்டுவந்தனர். அவர்களின் பிரதிநிதிகள் வாஷிங்டன் சென்றபோது, சக்கர நாற்காலிகளை ஏற்றிச் செல்ல இயந்திரத் தொழிலாளர் சங்கம் லொறி கொடுத்துதவியது. ஏப்ரல் 28ஆம் திகதி விதிகள் கையொப்பமாயின. அமர்ந்திருத்தலே அங்கே போராட்டமாயிற்று.

2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை, புனர்வாழ்வையும் விளையாட்டையும் வலுவிழந்தோரின் உரிமைகளாக எழுதிவைத்தது. நம் நாடு 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. உறுதியின் எழுத்து மைதானத்தை இன்னும் முழுமையாக வந்தடையவில்லை. ஆசிரியராகிய நாம் நம் பாடசாலைகளை நோக்குவோம். தேகாப்பியாச நேரத்தில் மற்றவர் ஓடியாட, நடக்க இயலாத ஒரு மாணவன் மரநிழலில் அமர்ந்து அவர்களுடைய சப்பாத்துகளுக்கும் புத்தகங்களுக்கும் காவலிருக்கும் காட்சியை நம்முட் பலர் கண்டிருக்கிறோம். இரக்கத்தோடு அவனை ஓய்வெடுக்கச் சொல்வதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம்.

அவனுக்கு வேண்டியது விலையுயர்ந்த பொறியன்று. டொரன்டோவில் மரமும் கயிறும் போதுமாயிருந்தன. ஸ்டோக் மண்டவிலில் ஒரு பந்தும் வில்லும் போதுமாயிருந்தன. உறுதியான ஒரு வாங்கு, கையால் இழுக்க ஒரு கயிறு, எறிய ஒரு பந்து, அவனையும் சேர்த்துக்கொள்ளுமாறு திருத்திய ஆட்டவிதி — இவை எந்தக் கிராமப் பாடசாலைக்கும் எட்டாதவையல்ல. வருகின்ற வாரம் மைதானத்துக்குச் செல்லும்போது, அம்மரநிழலிலிருந்து அவனை அழைத்து வருவோம். சப்பாத்துகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.