வாடகைப் படியும் வாடகை வீடும் – தீவுத் தமிழர் நோக்கில் ஒரு வரலாற்றுப் பார்வை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. தாய்த்தமிழகத்தை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் தாண்டி வந்தவர்களுக்கு அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: வாடகைக்கு ஒரு வீட்டைப் பிடித்துப் பார்! அபர்டீன் பஜாரிலும் ஹேடோவிலும் ஜங்கிளிகாட்டிலும் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதன் பொருள் விளக்கத் தேவையில்லை.

வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எந்த டிபார்ட்மெண்ட்?" என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கேள்விக்குள் ஒரு நீண்ட வரலாறே அடங்கியிருக்கிறது. வாடகைக்கென்று அரசாங்கம் ஒரு தொகை கொடுக்கிறது. அந்தத் தொகை யாருக்காகக் கொடுக்கப்படுகிறது? முடிவில் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? அது கிடைக்காதவர் கதி என்ன? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

கைதிக் குடியிருப்பிலிருந்து குவார்ட்டர்ஸ் வரை

1858 மார்ச் மாதம் டாக்டர் ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளோடு இங்கு வந்து இறங்கிய நாள்முதல் இத்தீவுகளின் நிலம் சர்க்கார் நிலமாகவே கருதப்பட்டது. அதிகாரிகள் ராஸ் தீவில் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) சர்க்கார் கட்டிய பங்களாக்களில் இருந்தார்கள். கைதிகள் முதலில் கொட்டடிகளில் இருந்தார்கள். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் பின்னர் பலர் அடைக்கப்பட்டார்கள். நன்னடத்தைச் சீட்டுப் பெற்ற கைதிகளுக்கு நிலம் தந்து கிராமங்களில் குடியேற்றினார்கள். அதாவது, இந்த ஊரில் வீடு என்பது தொடக்கத்திலேயே சர்க்கார் தந்த ஒன்று; சந்தையில் பேரம் பேசிப் பெற்ற ஒன்று அன்று.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. 1945-இல் கைதிக் குடியிருப்பு முறையே ஒழிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. சாத்தம் மர அறுவை ஆலை, வனத்துறை, பொதுப்பணித்துறை, துறைமுகம் என்று வேலை தேடி நம்மவர்கள் கப்பலேறினார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர்.

இத்தனை பேருக்கும் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கட்ட முடியுமா? முடியவில்லை. மிச்சப்பட்டவர்கள் தனியார் வீடுகளுக்குப் போனார்கள். அங்கேதான் வீட்டு வாடகைப் படி வருகிறது.

படியின் கணக்கு

குவார்ட்டர்ஸ் கிடைத்த மத்திய அரசு ஊழியருக்குப் படி கிடையாது. உரிமக் கட்டணம் சம்பளத்தில் பிடிக்கப்படும். கிடைக்காதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று படி உண்டு. கணவன் மனைவி இருவரும் ஒரே ஊரில் அரசு ஊழியராக இருந்து, ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டால் மற்றவருக்கும் படி இல்லை.

முற்காலத்தில் வாடகை ரசீது காட்டித்தான் இந்தப் படியைப் பெற வேண்டியிருந்தது. 1980-களில் நான்காம் ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின் அந்தக் கட்டாயம் போயிற்று. சொந்த வீட்டில் இருப்பவரும் படி பெறலானார். வாடகைக்கு ஈடு என்ற நிலை மாறி, சம்பளத்தின் ஒரு பகுதியாகவே அது ஆகிவிட்டது. இந்த மாற்றத்தை மனத்தில் கொள்க; பின்னால் வேண்டியிருக்கும்.

விகிதம் ஊரைப் பொறுத்தது. 2008-இல் ஆறாம் ஊதியக் குழு, ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என மூன்றாக்கி 30, 20, 10 விழுக்காடு என்றது. ஏழாம் ஊதியக் குழுவை ஒட்டி 2017 ஜூலை முதல் அது 24, 16, 8 ஆனது. அகவிலைப்படி உயர உயர, 2021 ஜூலையில் 27, 18, 9 ஆகி, 2024 ஜனவரியில் மீண்டும் 30, 20, 10-க்கு வந்தது. ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தால் எக்ஸ். ஐந்து லட்சத்துக்கு மேல் ஒய். அதற்குக் கீழே இசட்.

இந்தக் கணக்கின்படி நம் ஊர் எங்கே நிற்க வேண்டும்? 2011-இல் போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான். சந்தேகமில்லாமல் இசட். ஆனால் ஷில்லாங், கோவா, போர்ட் பிளேர் ஆகிய மூன்றுக்கும் ஒய் விகிதமே தொடரும் என்று சிறப்பு ஆணை இருக்கிறது. 2017 ஆணையிலும் அது மறு உத்தரவு வரை நீட்டிக்கப்பட்டது. ரூ. 25,500 அடிப்படைச் சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். இசட் என்றால் 10 விழுக்காட்டில் ரூ. 2,550, ஒய் என்றால் 20 விழுக்காட்டில் ரூ. 5,100. நேர் இரண்டு மடங்கு! கீழ்நிலை ஊழியருக்குக் குறைந்தபட்சம் ரூ. 3,600 என்ற பாதுகாப்பும் ஏழாம் ஊதியக் குழுவை ஒட்டி வந்தது.

இன்னொரு சலுகையும் உண்டு. வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு ஆகிய இடங்களுக்கு மாற்றலாகி வருபவர் குடும்பத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த ஊரின் படியையும் பெறலாம். பிள்ளைகள் சென்னையில் படிக்க, அப்பா மட்டும் இங்கே ஒற்றை அறையில் பொங்கித் தின்னும் குடும்பங்களுக்கு இது பேருதவி.

விகிதம் ஏன் மக்கள்தொகைக்குப் பொருந்தவில்லை?

தலையை எண்ணி ஊரை வகைப்படுத்துவது கண்டத்து ஊர்களுக்குச் சரி. தீவுக்குச் சரிவராது. இங்கே நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. சிமெண்டும் கம்பியும் கப்பலில் வர வேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றம் இயற்கைக் காட்டு மரம் வெட்டுவதைத் தடுத்து, கடற்கரை மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. தீவுகளின் உயிர்நிலையைக் காக்க வந்த தீர்ப்பு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் மரமும் மணலும் அருமையானால் வீட்டுச் செலவு ஏறாமல் என்ன செய்யும்? ஊர் சின்னது, வாடகை பெரிசு என்பதன் காரணம் இதுவே.

படி யார் பையில் விழுகிறது?

வாடகைச் சிக்கலுக்கு அரசாங்கங்கள் இரண்டு வழி கண்டன. ஒன்று, வாடகையைக் கட்டுப்படுத்துவது. இரண்டாம் உலகப் போர்க்கால நெருக்கடியில் சென்னை மாகாணத்தில் வந்த கட்டுப்பாடு, 1946, 1949, 1960 ஆண்டுச் சட்டங்களாக நீடித்தது. இதனால் குடியிருந்தவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் பழைய வாடகையே நிலைத்ததால் வீட்டுக்காரர் மராமத்தைக் கைவிட்டார். காலி வீட்டை வாடகைக்கு விடவே அஞ்சினார்.

மற்றொன்று, வாடகை கொடுப்பவர் கையில் பணம் தருவது. லண்டனில் வாழும் நம் உறவினர்க்கு இது பழகிய செய்தி. பிரிட்டனில் 1980-களின் தொடக்கத்தில் வீட்டு வசதி உதவித் தொகை முறைப்படுத்தப்பட்டது. வருமானம் குறைந்தவர் தனியார் வீட்டில் இருந்தாலும் வாடகைக்கு அரசு உதவியது. 2008-இல் அந்தந்த வட்டாரத்தின் நடுத்தர வாடகையை அளவாக வைத்தார்கள். பணத்தையும் பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் குடியிருப்பவரிடமே கொடுத்தார்கள். எட்டு வார வாடகை பாக்கி விழுந்தால் நேரே வீட்டுக்காரருக்குச் செலுத்தலாம் என்று விதி. 2011-இல் அளவைக் கீழே இறக்கி, மலிவான முப்பது விழுக்காட்டு வீடுகளின் எல்லையில் நிறுத்தினார்கள். உதவித் தொகையே வாடகையை ஏற்றிவிடுகிறதோ என்ற கேள்வி அங்கே தீராத விவாதம்.

நம் படிக்கும் அவர்கள் உதவிக்கும் உள்ள வேற்றுமை முக்கியமானது. அங்கே தேவையைப் பார்த்துக் கொடுத்தார்கள். இங்கே உத்தியோகத்தைப் பார்த்துக் கொடுக்கிறோம். சம்பளம் கூடினால் படியும் கூடும். கொத்தனாருக்கும் கடைப் பையனுக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் படியே கிடையாது. ஆனால் எல்லோரும் நிற்பது ஒரே வாடகைச் சந்தையில். "கவர்மெண்ட் ஸ்டாஃப் இவ்வளவு கொடுக்கறாங்க, நீங்களும் கொடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது, படி வாங்காதவர் படி வாங்குபவரோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. ஒருவருக்குக் கைகொடுத்த உதவி, அடுத்தவருக்குச் சுமையாகிறது. வீட்டுக்காரரையும் பழிக்க வேண்டாம். நம்மிலேயே பலர் நகைகளை அடகு வைத்து மேல்மாடி எழுப்பி, அந்த வாடகையில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள்தாமே!

ரசீதும் ஒப்பந்தமும்

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் படிக்கு விலக்கு தந்தது. வாங்கிய படி, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு போகக் கொடுத்த வாடகை, சம்பளத்தில் 40 விழுக்காடு (சென்னை, மும்பை, டில்லி, கல்கத்தாவில் 50) – இம்மூன்றில் எது குறைவோ அதற்கு அச்சட்டப்படி வரி இல்லாமல் இருந்தது. படி வாங்க ரசீது வேண்டாம் என்று 1980-களில் ஆனது. வரிவிலக்குக்கு மட்டும் ரசீது தேவைப்பட்டது. 2013 முதல் ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் கேட்டார்கள். 2020-இல் வந்த புதிய வரி முறையைத் தேர்ந்தவர்க்கு இந்த விலக்கு இல்லை.

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம், குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது, தகராறு தீர்க்கத் தனி அதிகார அமைப்பு என்பன அதன் சாரம். காலக்கெடு முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகையும், பிறகு நான்கு மடங்கும் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. சட்டமன்றம் இல்லாத நம் தீவுகளுக்கு அரசியலமைப்பின் 240-ஆம் பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறை பிறப்பிக்க வேண்டும். அந்தமான் நிக்கோபார் வாடகை ஒழுங்குமுறைக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நம்மவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாய்ப்பேச்சில் வீடு கொடுப்பதும் எடுப்பதும் நம்மிடையே பழகிப்போன வழக்கம். "நம்ம ஊர்க்காரர், கையெழுத்து எதுக்கு?" என்ற நம்பிக்கை நல்லதுதான். ஆனால் தகராறு வந்தால் படி வாங்கும் ஊழியருக்குச் சம்பளச் சீட்டாவது சாட்சி. கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த ஒப்பந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி ஏது? வீடு விடும் நம்மவர்கள் மாதந்தோறும் ரசீது கொடுக்கட்டும். படி இல்லாத குடும்பத்துக்கும் அதே ஒப்பந்தத்தை எழுதித் தரட்டும். சர்க்கார் படி எல்லோருக்கும் எட்டாவிட்டாலும், நியாயமான வாடகையும் ஒரு துண்டுத் தாளும் எல்லோருக்கும் எட்டும்படி செய்வது நம் கையில்தான் இருக்கிறது.