ரோம் நகரில் நூலே துணையாக நடந்தவர்கள்: வழித்தட நூல்களின் வரலாறு

ரோமுக்கு வருபவர்களில் பலர் இன்று ஆள்துணை தேடுவதில்லை. கையில் ஒரு வழித்தடம் இருந்தால் போதும். தம் போக்கில் நடந்து ஊரைப் பார்த்துக்கொள்கிறார்கள். ரயில் வந்த பிறகு, மரே, பேடக்கர் போன்ற 19ஆம் நூற்றாண்டுக் கைந்நூல்களோடு பிறந்த பழக்கம் இது என்பதே பொதுவான கருத்து. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. நூலைத் துணையாகக் கொண்டு ரோமில் நடக்கும் வழக்கத்தை 7ஆம் நூற்றாண்டிலேயே பார்க்கிறோம்.

அது அங்கிருந்து இன்றுவரை அறுபடாமல் வளர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ரோமைப் பற்றிய நூல்கள் இரண்டு முறைகளில் ஊரைச் சொல்கின்றன. ஒன்று, கால் போகும் வரிசையில் சொல்வது: இந்த வாயிலில் புறப்படு, இடப்பக்கம் இது, வலப்பக்கம் அது. மற்றொன்று, வகை பிரித்துச் சொல்வது: வாயில்கள் இத்தனை, குன்றுகள் இத்தனை, வளைவுகள் இத்தனை. முதல் முறை தோன்றியது, மங்கியது, மீண்டது, மறுபடியும் மங்கியது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு நூலாசிரியர்களின் விருப்பத்தைவிட, நடப்பவரின் நோக்கமும் ஊரின் தெருக்களுமே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கல்லறைகளை நோக்கி

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வழித்தட நூல்களில் ஒன்று ‘நோத்தீத்சியா எக்லேசியாரும்’. 7ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. இது ஊருக்குள் சுற்றிக் காட்டும் நூல் அன்று. ரோமானியச் சட்டப்படி இறந்தவர்களை மதிலுக்கு வெளியேதான் புதைக்க முடியும் என்பதால், மறைசாட்சிகளின் கல்லறைகள் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இருந்தன. யாத்திரிகர் தேடி வந்தவை அவையே. நூல் வடக்கே ஃபிளமினியா சாலையில் தொடங்கி, வலஞ்சுழியாகச் சாலை சாலையாக ஊரைச் சுற்றி, வத்திக்கானில் முடிகிறது. படிப்பவரை முன்னிலையில் விளித்து, இனி இங்கே போவாய், பிறகு படியிறங்குவாய் என்று பேசுகிறது. பக்கத்தில் நடக்கும் ஒருவரின் குரல் எழுத்தில் ஏறிய தொடக்க காலச் சான்றுகளில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

அடுத்த சான்று இன்னும் செறிவானது. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் துறவுமடத்தில் ஒரு கையெழுத்துப்படி உள்ளது. எழுதப்பட்டது 9ஆம் நூற்றாண்டில். அதன் மூலம் அதற்குச் சற்று முந்தியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் ழான் மபியோன் இதை வெளிக்கொணர்ந்தார். அதில் ரோமின் கல்வெட்டு வாசகங்கள் இருக்கின்றன. மதில் அளவீடு இருக்கிறது: 383 கோபுரங்கள், 7,020 ஞாயில்கள், 116 கழிப்பிடங்கள். இவற்றோடு நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் வழித்தடங்களும் இருக்கின்றன. புனித பேதுரு வாயிலிலிருந்து புறப்படும் தடம் அவற்றில் முதலாவது.

ஒவ்வொரு தடத்திலும் இடப்பக்கம் வருபவை ஒரு பத்தியிலும், வலப்பக்கம் வருபவை இன்னொரு பத்தியிலும் எழுதப்பட்டுள்ளன. விளக்கம் இல்லை, வரலாறு இல்லை, வியப்பும் இல்லை, பெயர்கள் மட்டும். ஆனாலும் தெருவில் நிற்பவரின் இரு கைகளையே அளவுகோலாக்கி ஒரு பெருநகரை எழுத்தில் அடக்கிய இந்த ஏட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். தேவாலயமும் சிதைந்த குளியல் மண்டபமும் பழைய அரங்கும் இதில் தரம் பிரிக்கப்படாமல் அடுத்தடுத்து வருகின்றன. முந்தைய நூலில் கல்லறை மட்டுமே காட்சி. இங்கே வழியில் நிற்கும் எல்லாமே காட்சி.

வகைப் பட்டியலின் காலம்

இந்த முறை ஏன் தொடரவில்லை? ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. 8ஆம் நூற்றாண்டிலும் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் திருத்தந்தையர், குறிப்பாக முதலாம் பவுலும் முதலாம் பாஸ்காலும், மறைசாட்சிகளின் எலும்புகளை மதிலுக்கு வெளியிலிருந்து ஊருக்குள் உள்ள தேவாலயங்களுக்குக் கொண்டுவந்தார்கள். சாலையோரக் கல்லறைகள் வெறுமையாயின. அவற்றை இணைத்த வழித்தடமும் தேவையற்றுப் போனது.

12ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த ‘மிராபிலியா’ என்ற ரோமின் அற்புதங்கள் நூல் வேறு வழியில் சென்றது. மதில், வாயில், வளைவு, குன்று, அரண்மனை என்று வகை வகையாக எண்ணியது. நடுவே கதைகளைச் சேர்த்தது. அதன் இறுதிப் பகுதியில் இடம் இடமாக ஊரைச் சுற்றும் வரிசை உண்டு. ஆனால் நூலுக்குப் புகழ் தந்தவை பட்டியலும் கதையும்தான். அச்சு வந்த பின்னும் இலத்தீனிலும் ஜெர்மனிலும் அது பல பதிப்புகள் கண்டது.

1300ஆம் ஆண்டு திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் முதல் யூபிலியை, அதாவது புனித ஆண்டை, அறிவித்தார். முழுப் பாவமன்னிப்புச் சலுகை பெற ரோமில் வாழ்பவர்கள் 30 நாளும், வெளியூரார் 15 நாளும் புனித பேதுரு, புனித பவுல் பேராலயங்களுக்குச் செல்ல வேண்டும். நோக்கம் திரும்பக் கிடைத்துவிட்டது, தெருதான் தாங்கவில்லை. 1450 யூபிலியின் டிசம்பரில் சாந்தாஞ்செலோ பாலத்தில் நெரிசலில் சிக்கி ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். அதன் பின் பாலத்தின் முகப்பில் இருந்த வீடுகளை இடித்து வெளி உண்டாக்கினார்கள். நடப்பவருக்காக ரோமின் கட்டடங்கள் விலகிக்கொடுத்த இச்செயலை, பின்னால் வரப்போகும் பெருமாற்றத்தின் முன்னோடியாகவே பார்க்க வேண்டும்.

தெருவும் நூலும் சேர்ந்து மாறுதல்

16ஆம் நூற்றாண்டின் நடுவில் புனித பிலிப்பு நேரி, ஏழு பேராலயங்களையும் நடந்து தரிசிக்கும் பழைய வழக்கத்துக்குப் புத்துயிர் தந்தார். சுமார் 20 கிலோமீட்டர் நடை. கூட்டமாகப் பாடிக்கொண்டு போய், வழியில் ஒரு தோட்டத்தில் அமர்ந்து உண்டு, மீண்டும் நடந்தார்கள்.

அதே காலத்தில், 1554இல், கட்டடக் கலைஞர் அந்திரேயா பல்லாதியோ ரோமில் இரண்டு சிறு நூல்களை வெளியிட்டார். தொல்சின்னங்களைச் சொல்லும் நூல் பழைய வகைப் பட்டியலாகவே இருந்தது. பல பதிப்புகள் கண்டு பெரும்புகழ் பெற்றதும் அதுதான். தேவாலயங்களைச் சொல்லும் நூலிலோ ஏழு பேராலயங்களுக்குப் பின் வரிசை மாறிவிடுகிறது: ஆற்றுத் தீவு, திராஸ்தேவரே, போர்கோ, பிறகு ஃபிளமினியா வாயிலிலிருந்து கப்பிட்டோலின் அடிவாரம் வரை, அங்கிருந்து இடக்கைப் பக்கம் குன்றுகளை நோக்கி, வலக்கைப் பக்கம் குன்றுகளை நோக்கி. ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு, இரண்டு முறைகள். தொல்சின்னம் அறிவுக்கானது, ஆகவே வகைப்படுத்தினார்; தேவாலயம் நடந்து அடைய வேண்டியது, ஆகவே வழிப்படுத்தினார். நோக்கமே முறையைத் தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை. இந்த இடைவெளியும் விரைவில் குறைந்தது. தொல்சின்னங்களை மூன்று நாளில் பார்க்க வெளிநாட்டாருக்கு வழிசொல்லும் ‘கியிதா ரோமானா’ என்ற சிறு பகுதி, அந்நூற்றாண்டின் பிற்பாதித் தேவாலயக் கையேடுகளில் சேர்ந்து அச்சாகத் தொடங்கியது.

பின்னர் தெருவே மாறியது. 1585 முதல் 1590 வரை ஆண்ட திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ், பேராலயங்களை நேர்ச்சாலைகளால் இணைக்க முனைந்தார். குன்றுகளில் ஏறி இறங்கிப் போகும் ஸ்திராதா ஃபெலிச்சே இவற்றில் முதன்மையானது. பேராலயங்களின் முன்னும் சதுக்கங்களிலும் எகிப்தியக் கல்தூண்களை நிறுத்தினார்: 1586இல் வத்திக்கான், 1587இல் எஸ்குவிலின், 1588இல் லாத்தரன், 1589இல் போப்போலோ சதுக்கம். வத்திக்கானில் 25 மீட்டர் உயரத் தூணை நகர்த்தக் கட்டடக் கலைஞர் தொமேனிக்கோ ஃபொந்தானா ஏறத்தாழ 900 ஆட்களைப் பயன்படுத்தினார். நடந்தோ குதிரையிலோ வண்டியிலோ ஒரு பேராலயத்திலிருந்து அடுத்ததற்கு எளிதாகப் போகலாம் என்று ஃபொந்தானா தம் நூலில் பெருமையோடு சொல்கிறார். தூரத்தில் தூண் தெரிந்தால் வழிகேட்க வேண்டியதில்லை. இன்றும் நான்கு நீரூற்றுச் சந்தியில் நின்று பார்ப்பவருக்கு மூன்று திசைகளில் மூன்று தூண்கள் தெரியும். அவற்றில் எஸ்குவிலின் தூண் மட்டுமே சிக்ஸ்துஸ் நிறுத்தியது. மற்ற இரண்டும் இரு நூற்றாண்டுகள் கழித்துத் திருத்தந்தை ஆறாம் பயஸ் காலத்தில், அதே நேர்கோட்டு எண்ணத்தைப் பின்பற்றி வந்தவை.

நடக்கும் வரிசையில் ஊரைச் சொல்லும் முறை முழு வடிவம் பெற்றது 18ஆம் நூற்றாண்டில். 1748இல் ஜம்பத்திஸ்தா நோல்லி 12 தகடுகளில் வெளியிட்ட வரைபடத்தில் 1,320 இடங்களுக்கு எண் உண்டு. தேவாலயங்களின் உட்புறத்தையும் தெருவைப் போலவே வெள்ளையாகக் காட்டினார். கால் நுழையக்கூடிய ரோம் எது என்பது பார்த்தவுடன் புரிந்தது. 1763இல் சிசிலியைச் சேர்ந்த செதுக்கோவியர் ஜுசேப்பே வாசி, ஊரை எட்டு நாள் நடையாகப் பிரித்து ‘இத்தினெராரியோ’வை வெளியிட்டார். அதற்கு முன் 10 தொகுதிகளாக வந்திருந்த அவருடைய நகரக் காட்சிப் படங்களுக்கு இது ஒரு திறவுகோலும் ஆயிற்று. அடுத்த ஆண்டு ரோமுக்கு வந்த வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன், ஜேம்ஸ் பயர்ஸ் என்ற ஸ்காட்லாந்துத் தொல்பொருளறிஞரைத் துணைக்கொண்டு 18 வாரம் ஊரைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் பணமும் இல்லாதவரை எண்ணியே வாசியின் சிறுநூல் அமைந்ததாகக் கருதுகிறேன். அறிவைப் பலருக்குப் பகிர்ந்த செயல் அது. அந்நூலின் பிற்பதிப்புகளை 19ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ நிபி திருத்திப் புதுப்பித்தார்.

மரேயும் பின்வாங்கலும்

தற்கால நடையின் தொடக்கமாகக் கருதப்படும் மரே கைந்நூல், ரோமைப் பொறுத்தவரை உண்மையில் ஒரு பின்வாங்கல். 1843இல் வந்த அதன் மத்திய இத்தாலித் தொகுதி, ரோமை மன்றங்கள், கோயில்கள், அரங்குகள் என்று மீண்டும் வகைப்படுத்தியது. படித்தவரின் ஒப்பீட்டுக்கு அது உதவும். தெருவில் நிற்பவருக்குப் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டும் வேலைதான் மிஞ்சும். அகஸ்டஸ் ஹேர் 1871இல் ‘வாக்ஸ் இன் ரோம்’ என்று பெயரிலேயே நடையை வைத்து எழுதியபோது, வாசியின் வரிசைமுறை ஆங்கிலத்தில் மறுபடி உயிர்பெற்றது.

ஹேரின் நூல் வந்த ஆண்டிலேயே ரோம் இத்தாலியின் தலைநகரானது. அவர் நடந்த ஊர் இடிபடத் தொடங்கியது. டைபர் கரைச் சுவர்களும், பழைய வீடுகளைப் பிளந்துகொண்டு சென்ற விக்டர் இம்மானுவேல் பெருஞ்சாலையும் அடுத்தடுத்து வந்தன. இவை நடப்பவரை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. முசோலினியின் காலத்தில் வத்திக்கானுக்கு எதிரே இருந்த போர்கோவின் நடுவரிசை வீடுகள் 1936 முதல் இடிக்கப்பட்டன. குறுகிய தெருவிலிருந்து வெளிப்பட்டதும் பெர்னினியின் சதுக்கம் திடீரென விரியும் அனுபவம் அத்தோடு போயிற்று. இது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

கொலோசியத்துக்கும் வெனிஸ் சதுக்கத்துக்கும் இடையே நடந்தது இதைவிடப் பெரியது. இராணுவ அணிவகுப்புக்கான நேர்ச்சாலை ஒன்று 1932 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. அதற்காக வேலியா என்ற மேட்டை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த குடியிருப்புகள் அழிக்கப்பட்டு மக்கள் ஊரோரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 2013 ஆகஸ்ட் முதல் அச்சாலையின் கொலோசியத்தை ஒட்டிய பகுதியில் தனியார் கார்கள் ஓடுவதில்லை. இன்றைய வழித்தடங்கள் பலவும் இதன் வழியேதான் செல்கின்றன. நடப்பவர்கள் வெனிஸ் சதுக்கத்தில் நின்று, சாலையின் கோடியில் தெரியும் கொலோசியத்தைப் படம் எடுக்கிறார்கள். வாசியின் எட்டு நாளிலும் ஹேரின் நடைகளிலும் இந்தக் காட்சி இல்லை. வேலியா நிற்கும் வரை அங்கிருந்து கொலோசியம் இப்படித் தெரிந்ததே இல்லை.